எச்சத்தில் ஒளிந்த கொலை

வருணனை என்றால் அடைமொழி என்று எண்ணிக்கொண்டிருப்போர் நம்மிடையே மிகப் பலர். மாலை வந்தால் அது மயக்கும் மாலை; மழை வந்தால் அது கொட்டும் மழை; கண்ணீர் வந்தால் அது சுடுகண்ணீர்; கொடுமை வந்தால் அதுவும் கொடிய கொடுமை! சொல்லுக்குச் சொல் சட்டை மாட்டி, சட்டைக்குமேல் சால்வை போர்த்தி, சால்வைக்குமேல் மாலை சூட்டி மேடையில் அமர்த்திவிட்டால் காட்சி உருவாகிவிட்டது என்று கருதுகிறார்கள். சொற்கள் எல்லாம் அமர்ந்திருக்கின்றன. படிக்க வந்தவன் மட்டும் எழுந்து போய்விடுகிறான்.

ஏன் போனான்? எழுதியவரைக் கேட்டால், சுவையுணர்வு குன்றிவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்பார். காலத்தின்மேல் பழிபோடுவது எளிது. காலம் மறுப்புக் கட்டுரை எழுதப் போவதில்லை. உண்மை வேறு. அந்த எழுத்தில் அவன் எதற்காகவும் காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. முதல் வாக்கியத்தின் நீளம் எதுவோ அதுவே பத்தாம் வாக்கியத்தின் நீளம். முதல் வாக்கியம் எப்படி முடிந்ததோ அப்படியே பத்தாவதும் முடிந்தது. தாலாட்டுக்கு அந்த நடை பொருந்தும். தூங்கவைப்பதுதானே அதன் வேலை!

இதற்கு மறுகோடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கைப்பேசித் திரையில் எழுதிப் பழகிய கூட்டம். "இருள். அமைதி. ஒரு நாய். ஒரு நிழல்." என்று சொல்லுக்கொரு புள்ளி குத்தி, அதையே விறுவிறுப்பு என்று எண்ணி மகிழ்கிறது. அரிவாள்மனையில் அரிந்து போட்ட வெண்டைக்காய்போல் வாக்கியங்கள் சிதறிக் கிடக்கின்றன. குழம்பு மட்டும் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. பள்ளியில் கட்டுரை ஏடுகளைத் திருத்துவதே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த இரண்டு நோயும் நன்கு பழக்கம். பரிசு வாங்கும் மாணவனுக்கு முதல் நோய். அவனைக் கேலி செய்யும் மாணவனுக்கு இரண்டாவது நோய். ஒருவன் எல்லாவற்றையும் நீட்டுகிறான், மற்றவன் எல்லாவற்றையும் நறுக்குகிறான். நீட்டலும் நறுக்கலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும்போதுதான் ஒரு காட்சிக்கு இறுக்கம் பிறக்கும் என்பதை இருவருமே அறியார்.

இதை நடையழகு பற்றிய சின்ன விவகாரம் என்று தள்ளிவிட வேண்டா. ஒரு செயலைச் செய்தவன் யார் என்பதை மறைப்பதும் வாக்கியந்தான். அவனை வெளியே இழுத்து நடுத்தெருவில் நிறுத்துவதும் வாக்கியந்தான். கொடுமைகளைக் கண்டிக்கப் பேனா பிடிக்கும் இளைஞர் இதில் கவனம் செலுத்தாவிடில், கண்டிக்க வந்த கொடுமைக்கே திரைபிடித்து நிற்க நேரும்.

தமிழ் வாக்கியத்தின் இயல்பை முதலில் பார்ப்போம். ஆங்கிலத்தில் எழுதுவோர், கொன்றான் என்பதை எழுவாயின் தோளிலேயே ஏற்றிவிட்டு, யாரை, எங்கே, எதனால் என்பவற்றைப் பின்னால் ஆற அமர அடுக்குவர். நமக்கோ வினை கடைசியில். யார், யாரை, எப்போது, எந்தக் கருவியால் என்று அத்தனை பேரும் வந்து நின்ற பிறகுதான் நடந்தது என்ன என்ற சொல் வாய் திறக்கும். 'கதவைத் திறந்து, விளக்கை எடுத்து, படியில் இறங்கி, கிணற்றடியை அடைந்து' என்று ஒருவர் சொல்லத் தொடங்கட்டும். கேட்பவனுடைய மூச்சு அவர் கைக்குப் போய்விடுகிறது. திறந்து, எடுத்து, இறங்கி, அடைந்து: நான்கும் வினையெச்சங்கள். பெயரைப் பாருங்கள்! எஞ்சி நிற்பது எச்சம். தீர்ந்து போவது முற்று. ஒவ்வோர் எச்சமும் படிப்பவனிடம் ஆசிரியன் வாங்கும் கடன். முற்று வரும்போது கடன் அடைகிறது. கடனை வாங்கிக்கொண்டே போய், கடைசியில் செல்லாக்காசை நீட்டுபவன் மோசமான எழுத்தாளன். கடனே வாங்காதவன் நல்லவன்தான். ஆனால் அவன் வாசலில் யாரும் காத்து நிற்கமாட்டார்கள்.

நன்னூலார் பொருள்கோள் எட்டு என்றார். ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு என்று தொடங்கும் அந்தப் பட்டியலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு மண்டபத்தின் வாயிலிலேயே உதறிவிட்டு வந்தவர்கள் நாம். விற்பூட்டு என்றால் என்ன? செய்யுளின் முதலில் நிற்கும் சொல்லும் இறுதியில் நிற்கும் சொல்லும், இடையிலுள்ள யாவற்றையும் தாண்டி ஒன்றையொன்று பற்றிக்கொள்வது. வில்லின் இரு முனையையும் நாண் இழுத்துப் பிடிப்பதுபோல. இறுக்கம் என்று இன்று நாம் சொல்லும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு மொழியிலிருந்து வரவேண்டுமா?

அந்த நாண் இழுபடுவதைக் கண்ணாரக் காண விரும்புவோர் நெடுநல்வாடையைப் படிக்கலாம். பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடிகள். வாடைக் காற்று வீசுகிறது. இடையர் குளிர்காய்கிறார்கள், பறவையும் விலங்கும் ஒடுங்குகின்றன, நகரம் நனைகிறது, அரண்மனை எழுகிறது, கட்டில் விரிகிறது, அதில் அரசி உறங்காமல் கிடக்கிறாள். அடி அடியாகப் பொருள்கள் வந்து சேர்கின்றன. அரசன் எங்கே? சொல்லமாட்டார் நக்கீரர். அவர் காட்டும் ஒவ்வொரு பொருளும் அவன் அங்கே இல்லை என்பதையே நினைவூட்டுகிறது. இறுதிப் பகுதியில்தான் ஒரு வேண்டுகோள் கேட்கிறது: இப்போதே முடியட்டும்! எது முடியவேண்டும்? அதற்கு விடை உடனே வருவதில்லை. ஏறத்தாழ இருபது அடிகள் நம்மை நடக்கவைக்கிறார். நள்ளிரவு, காற்றில் சாயும் விளக்குச் சுடர், சேணம் களையாத குதிரைகள், புண்பட்ட வீரர்கள், அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு சிலரோடு மட்டும் நடந்துவரும் வேந்தன். இவையெல்லாம் கடந்த பின், பாட்டின் கடைசிச் சொல்லாக வருகிறது அந்த விடை: பாசறையின் போர்த்தொழில். முடிக என்ற சொல்லுக்கும் முடியவேண்டிய தொழிலுக்கும் இடையில் காயம்பட்ட ஒரு படையே படுத்திருக்கிறது. போரை ஒரு சொல்லாலும் பழிக்காமல், போர் முடியாதா என்று நம்மை ஏங்கவைத்துவிட்டார் நக்கீரர். எதனால்? எழுவாயைக் கடைசியில் வைத்ததனால்.

இங்கே உரையாசிரியர் ஒருவரைப் பற்றியும் ஒரு சொல். நச்சினார்க்கினியர் பெரும்புலவர், அவர் உரை இல்லையேல் பத்துப்பாட்டின் பாதி நமக்கு இருட்டு. ஆயினும் அடிகளை இடம் மாற்றி, தொலைவிலுள்ள சொல்லை அருகிலும் அருகிலுள்ளதைத் தொலைவிலும் கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் இதை வன்மையாகக் கடிந்தார். அடிகள் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. இடம் மாற்றினால் பொருள் எளிதில் விளங்கும், ஐயமில்லை. காத்திருப்பு தொலையும். நாணை அவிழ்த்துவிட்டு வில்லின் அழகை விளக்குவதால் பயன் என்ன?

இனிச் சிலப்பதிகாரம். இளங்கோவின் மதுரைக் காண்டத்தில், கொலைக்களக் காதையில், ஒரு கட்டளை வருகிறது. ஊடிச் சென்ற அரசியின் மனத்தைத் தணிக்க அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருக்கிறான் பாண்டியன். வாயிலில் பொற்கொல்லன் வணங்கி நிற்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் காவலரை அழைத்து ஆணையிடுகிறான். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால், அவனைக் கொன்று, அச்சிலம்பைக் கொண்டுவருக. இவ்வளவே அதன் பொருள்.

இலக்கணக் கண்ணால் பாருங்கள், தோழர்களே! அந்த ஆணையின் வினைமுற்று எது? கொண்டுவருக என்பது. எதைக் கொண்டுவரவேண்டும்? சிலம்பை. அப்படியானால் கொலை எங்கே? கொன்று என்ற எச்சத்தில். உரை எழுதியோர் இந்தச் சொல்லில் தயங்கி நின்றிருக்கிறார்கள். விதி அவன் நாவைப் புரட்டியது என்று அமைதி கண்டிருக்கிறார்கள். எனக்கு விதி வேண்டியதில்லை, வாக்கியமே போதும். அரசனுக்கு வேண்டியது சிலம்பு. அதைப் பெற்று அரசியின் ஊடலைத் தீர்ப்பது. அதனால் சிலம்புக்கு முற்று கிடைத்தது. மனிதனுடைய உயிர், போகிற போக்கில் செய்து முடிக்கவேண்டிய முன்வேலை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வா என்பதில் வரும் 'கழுவி' போல. அதற்கு எச்சம் போதும் என்று ஆயிற்று. ஆராய்ந்து பாராத அரசன் என்று பின்னால் கண்ணகி அவனை அழைக்கப் போகிறாள். ஆராயாமை எப்படி இருக்கும் என்று இளங்கோ ஒரு விளக்கமும் தரவில்லை. ஓர் எச்சத்தை வைத்தார், போய்விட்டார்.

அடுத்து அவர் செய்வது இன்னும் பெரிது. ஆணை பிறந்துவிட்டது, காவலர் வந்துவிட்டனர், கோவலன் எதிரே நிற்கிறான். ஒரே வீச்சில் முடிந்திருக்கும் காரியத்தை இளங்கோ நீட்டுகிறார். இவன் தோற்றத்தில் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலர் தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறான்: கள்வருக்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு, ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குகிறான், பழங்கதையும் சொல்கிறான். வேலேந்திய ஒருவன், மழைக்கால இரவில் தன் கண்முன்னே மறைந்துபோன கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். பட்டியல், விளக்கம், கதை, கதைக்குள் கதை. அவன் சாகப்போகிறான் என்பது நமக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது. பேச்சு நீள நீள நம் நெஞ்சு இறுகுகிறது. இவர்களுள் ஒருவனாவது போய் அரசனிடம் கேட்டுவரலாமே என்று தோன்றும் அந்த நேரத்தில், கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசுகிறான். வாள் ஊடறுக்கிறது. இரண்டே இரண்டு முற்று! அவனுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை, அவனைப் பற்றிய வருணனை இல்லை. எட்டு வகைத் துணையையும் கேட்டு, கதைகளையும் கேட்டு, அவற்றுள் எதையும் பொருட்படுத்தாதவன் அவன். நீண்ட வாக்கியங்கள் அறிவுடையார் போலப் பேசிக்கொண்டிருந்தன. குட்டை வாக்கியம் கொன்றுவிட்டது.

பிறகு ஒரு நீண்ட தொடர்: குருதி பரவ, நிலமகள் துயர் கூர, காவலன் செங்கோல் வளைய என்று எச்சமாகவே சென்று, வீழ்ந்தான் என்ற வினை முன்னும் கோவலன் என்ற பெயர் பின்னுமாக நிற்கிறது. அதற்குப் பின் வால்போல ஓர் ஒட்டு: பழைய வினை வந்து பழுத்ததால் என்று. இந்த வாலை என்னால் பாராட்ட முடியவில்லை. இளங்கோவின் சமயம் அது, அவர் காலம் அது என்பதை அறிவேன். எனினும், செங்கோல் வளைந்ததை எச்சத்தில் வைத்து, வினைப்பயனை முடிவில் வைத்தது, அரசனுக்கு வந்திருக்கவேண்டிய கடைசிச் சொல்லை விதிக்குக் கொடுத்ததாகவே படுகிறது. குற்றவாளி தப்பிக்கும் வழி பெரும்பாலும் வாக்கியத்தின் கோடியில்தான் இருக்கிறது.

காவியத்தோடு இது நின்றுவிட்டதா? இன்றைய நாளேட்டைப் புரட்டுங்கள். 'கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது நச்சுவாயு தாக்கித் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர்.' இப்படிப்பட்ட வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்போம்! இங்கே தாக்கியது யார்? வாயு. இழந்தது யார்? தொழிலாளர். உயிரைத் தாமே எங்கோ தொலைத்துவிட்டவர்கள்போல! அவர்களை உள்ளே இறக்கிய கை இந்த வாக்கியத்தில் இல்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது; இறக்கியவன் சட்டத்தை மீறியவன். ஆனால் வாக்கியத்தை மீறி அவனைப் பிடிக்க எந்தக் காவலரும் இல்லை. 'சுத்தம் செய்தபோது' என்ற ஒரு தொடருக்குள் அழைத்தவன், அனுப்பியவன், கூலி பேசியவன், மூடியைத் திறந்தவன் அனைவரும் வசதியாக அமர்ந்திருக்கிறார்கள். பாண்டியனின் 'கொன்று' போலத்தான் இதுவும்.

இதே செய்தியை நம் மேடைத்தமிழ் எழுத்தாளர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? 'நாற்றம் எடுக்கும் நரகக் குழியிலே நசுங்கிய நல்லுயிர்களே! ஏழ்மையின் எரிமலையில் எரிந்த ஏந்தல்களே!' என்று தொடங்குவார். நகரத்துக்கு நகரம் கைதட்டல் கிடைக்கும். மோனை முழங்குகிறது, எதுகை இடிக்கிறது; ஆனால் ஒரு வினைமுற்றுகூட இல்லையே! எல்லாம் விளி. யாரும் எதையும் செய்யவில்லை. நாளேடு எப்படி ஒப்பந்தக்காரரை ஒளித்துவைத்ததோ, அப்படியே இவரும் ஒளித்துவைத்தார். கொஞ்சம் பூ அதிகம், அவ்வளவுதான். அடுக்குமொழியில் வளர்ந்த நமக்கு இது கசக்கும். கசக்கட்டும். அடுக்குமொழிமேல் எனக்குப் பகையில்லை. நானும் அதைக் கேட்டே தமிழ்மேல் காதல் கொண்டவன். அடுக்குவது எதற்காக என்பதே கேள்வி. அடுக்கி அடுக்கி ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரு முற்றால் அடிப்பதற்காக அடுக்கினால் அது கலை. அடுக்குவதற்காகவே அடுக்கினால் அது பாத்திரக்கடை.

இப்படி எழுதிப் பார்ப்போம்:

'காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, நாலு மணி நேர வேலைதான் என்று சொல்லி, கூலியில் பாதியை முன்னதாகக் கொடுத்து, முகமூடியோ காற்றுக்குழாயோ தராமல், இடுப்பில் ஒரு கயிற்றை மட்டும் கட்டி, மூடியை நெம்பித் திறந்து, அண்ணனை உள்ளே இறக்கினார் ஒப்பந்தக்காரர். கயிறு ஆடியது. நின்றது. அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே தம்பி இறங்கினான்.'

அழகான அடைமொழி எதுவும் இதில் இல்லை. நரகம் இல்லை, எரிமலை இல்லை. எச்சம் எச்சமாக நடந்துவந்தவர் யார் என்று தெரியாமலேயே அவர் பின்னால் நாம் தொட்டி வரைக்கும் போய்விடுகிறோம். அங்கே போனதும் அவர் முகம் திரும்புகிறது. பிறகு கயிற்றுக்கு இரண்டு சொல், ஒரு சொல். அந்த இடத்தில் வாக்கியத்தை நீட்டியிருந்தால் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருப்பதாகவே தோன்றியிருக்கும். தம்பியின் வாக்கியம் மறுபடி சற்று நீள்கிறது. ஏனெனில் அவனைத் தடுத்து நிறுத்த நமக்கு ஒரு கணம் நேரம் இருப்பதுபோலத் தோன்றவேண்டும். இது இலக்கியச் சாதனை அன்று. பத்தாம் வகுப்பு மாணவன் எழுதக்கூடியது. ஆனால் யாரைக் கைது செய்யவேண்டும் என்பது இதில் தெரிகிறது.

உரைநடையில் இந்த வித்தையை நன்கு அறிந்தவர் புதுமைப்பித்தன். மணிக்கொடியில் 1934இல் வெளிவந்த 'பொன்னகரம்' சின்னஞ்சிறு கதை. சந்துகளை, சாக்கடையை, ஆலைக்குப் போகும் கூட்டத்தை ஏளனம் தோய்ந்த நடையில் சுற்றிக்காட்டிக்கொண்டே வருகிறார். அம்மாளு என்ற ஆலைத் தொழிலாளி, அடிபட்டுக் கிடக்கும் அவள் கணவன், குதிரைவண்டிக்காரன், கஞ்சிக்குக் காசில்லை. இருட்டில் ஒருவன் நிற்கிறான். அந்த இடத்தில், வேறோர் எழுத்தாளர் இரண்டு பக்கம் கண்ணீர் வடித்திருப்பார். புதுமைப்பித்தன் அவள் சம்பாதித்த முக்கால் ரூபாயைக் கணக்குப்பிள்ளைபோல ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். அவள் செய்தாள் என்று சொல்லாமல், சம்பாதித்தாள் என்ற முற்றை அங்கே வைத்தார். அதுவரை ஆடி அசைந்து வந்த நடை அந்த இடத்தில் எலும்பாக நிற்கிறது. அதற்குப் பிறகு கற்பு பேசுவோரை நோக்கி அவர் விடுக்கும் அறைகூவலைத்தான் மேடைகளில் பலர் விரும்பிச் சொல்வர். எனக்கு அந்த முக்கால் ரூபாய் வாக்கியமே பெரிது. அறைகூவல் இல்லாமலே அது அறைந்துவிட்டது.

மீண்டும் சிலம்புக்கு வருவோம். கொலைக்களத்தில் எச்சத்துக்குள் ஒளிந்தது, வழக்குரை காதையில் முற்றுக்கு வந்தாகவேண்டும். அரண்மனை வாயிலில் கண்ணகி நிற்கிறாள். வாயிற்காவலன் உள்ளே ஓடி அரசனிடம் அவளை வருணிக்கிறான். என் அறிவுக்கு எட்டியவரையில், வாக்கிய அமைப்பாலேயே அச்சத்தை ஏற்றும் வருணனை தமிழில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை. எருமைத்தலையின் மேல் ஏறி நிற்கும் கொற்றவையை மூன்று அடிகளில் எழுப்புகிறான். அவள்தான் வந்திருக்கிறாளோ என்று அரசன் நடுங்கும்போது, அவள் அல்லள் என்று முடிக்கிறான். அடுத்து எழுவரில் இளையவள், ஆடல் கண்ட அணங்கு, காடுறை காளி, தாருகன் மார்பைக் கிழித்தவள் என்று ஒருத்திக்குமேல் ஒருத்தியாக அடுக்கி, எல்லோரும் வந்து நின்ற பின் மறுபடியும் அல்லள் என்று ஒரே சொல்லால் அத்தனை பேரையும் அனுப்பிவிடுகிறான். பிறகு நடை சட்டென்று குறுகுகிறது. சினம் கொண்டவள் போலும், உள்ளம் கொதித்தவள் போலும் என ஓர் அடிக்குள் இரண்டு வினை. கையில் ஒற்றைச் சிலம்பு. கணவனை இழந்த ஒருத்தி, வாயிலில் இருக்கிறாள். இந்தக் கடைசிச் செய்தி இரண்டு முறை சொல்லப்படுகிறது. முதல் முறை அரசனுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தவன்போல.

தெய்வங்களின் பட்டியலைக் கண்டு பகுத்தறிவாளர் முகம் சுளிக்கவேண்டா. அத்தனை தெய்வத்தையும் அவன் அழைத்து வந்தது, அவர்கள் யாரும் இல்லை என்று சொல்வதற்கு! வந்திருப்பவள் ஒரு பெண். அதுதான் அரசன் அஞ்சவேண்டிய செய்தி. வாயிற்காவலன் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், வஞ்சிக் காண்டம் அவன் சொல்லைக் கேட்காமல் அவளைக் கல்லில் நிறுத்திவிட்டது.

உள்ளே வருகிறாள். நீ யார் என்று அரசன் ஒரு சிறு கேள்வி கேட்கிறான். ஒரு சொல்லில் முடியக்கூடிய விடைதான். பெயரைச் சொன்னால் போதும். கண்ணகி பெயரைச் சொல்வதில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்தவன், கன்றுக்காக மகனைத் தேரிலிட்டவன் என்று தன் ஊரின் அரசரை முன்னே நிறுத்துகிறாள். அவர்களுடைய புகார் என் ஊர் என்கிறாள். அந்த ஊரின் வணிகன் மகன் என்கிறாள். வாழ விரும்பி, வினை துரத்த, உன் நகரில் புகுந்து, சிலம்பு விற்க வந்து, உன்னிடத்தில் கொலையுண்ட கோவலன் என்கிறாள். அவன் மனைவி என்கிறாள். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தன் பெயர். இந்தத் தொடரில் விதி எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நடுவில், ஓர் எச்சத்தோடு, ஊருக்குள் தள்ளிவிட்டதோடு அதன் வேலை முடிந்தது. கொலைக்குப் பக்கத்தில் நிற்பது விதி அன்று, 'நீ' என்ற சொல். கொலைக்களக் காதையின் வாலில் இளங்கோ விட்டதை வழக்குரை காதையில் கண்ணகி சரிசெய்துவிட்டாள்! கவிஞர் சமயத்தைப் பேசினார். அவர் படைத்த பெண் வழக்கைப் பேசினாள்.

அதன் பிறகு நீண்ட வாக்கியத்துக்கு இடமே இல்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான் அவன். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் இவள். எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான். கொண்டுவந்து வைக்கிறார்கள். உடைக்கிறாள். தெறித்தது என்ற வினை முதலில் வருகிறது. தெறித்த பொருள் கடைசிச் சொல். முத்தா மாணிக்கமா என்று ஒரு கணம் நம்மையும் நிறுத்திவைத்து, அப்புறம் காட்டுகிறார். வழக்கு அந்த ஒரு சொல்லில் முடிந்துபோயிற்று. தான் அரசனல்லன், தானே கள்வன் என்று பாண்டியன் தீர்ப்பும் கூறிக்கொள்கிறான். அந்தச் சொற்றொடர்களில் எச்சத்துக்குள் ஒளிந்துகொள்ள அவன் முயலவில்லை. முன்பு ஆணையிட்டபோது இருந்த வாய் இல்லை அது.

இந்தக் கதையில் மூவர் விழுகிறார்கள். கோவலன் விழும்போது வீழ்ந்தான் என்பது முன்னும் பெயர் பின்னும் நின்றது. பாண்டியன் விழும்போது மன்னவன் என்பது முன்னே வந்து, மயக்கம் நடுவே வந்து, வீழ்ச்சி கடைசியில் வருகிறது; ஒழுங்கான தமிழ் வாக்கியம்; செய்தவன் பெயர் முதலில். அவனையடுத்துக் கோப்பெருந்தேவி நடுங்குகிறாள். கணவனை இழந்தவர்க்குக் காட்ட ஆறுதல் ஒன்றுமில்லை என்று அவன் அடியைத் தொழுகிறாள். அங்கே மறுபடியும் வினை முன்னால் ஓடிவிடுகிறது, அவள் பின்னால் விழுகிறாள். யாப்பின் தேவை இது என்று சொல்லிச் சிலர் கடந்துபோகலாம். குற்றமற்ற இருவருக்கும் ஒரு வரிசை, குற்றம் செய்தவனுக்கு வேறு வரிசை என்பதை யாப்பு தானாகப் பிரித்துக் கொடுத்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.